காகிதப்பூ செடியை போன்சாயா மாத்தறது எப்படி: முதல் தடவை பண்றவங்களுக்கு, வரிசைப்படி

காகிதப்பூ, பேப்பர் பூ, போகன்வில்லா, எப்படி வேணா சொல்லுங்க, நம்ம ஊர் வெயிலுக்கு முதல் போன்சாய், அதாவது தட்டு தொட்டில வளக்கற குட்டி மரம்னா நான் இதைத்தான் கை காட்டுவேன். சீக்கிரம் துளிர்க்கும், தப்பா வெட்டினாலும் மன்னிக்கும், ஆனா வேர்ல கை வெச்சா மட்டும் மன்னிக்காது. நான் பாத்த வரைக்கும் புதுசா பண்றவங்க செடி செத்ததுக்கு காரணம் வெட்டு இல்ல, வெட்டு, கம்பி, தொட்டி மாத்தறது மூணையும் ஒரே ஞாயித்துக்கெழமைல முடிச்சதுதான்.

அதனால கீழ இருக்கற வரிசையை மாத்தாதீங்க. இது தை மாசம் ஆரம்பிச்சு அடுத்த தை வரைக்கும் போற வேலை. சென்னை, செங்கல்பட்டு பக்கத்து மாடித்தோட்ட கணக்கு இது. கோவை, கன்னியாகுமரி பக்கம்னா மழை மாசம் வேற, வேர் வேலையை மட்டும் அதுக்கு தகுந்த மாதிரி தள்ளி வெச்சுக்கோங்க.

1. முதல்ல வாங்கி வெக்க வேண்டியது

தோட்ட கத்தரிக்கோல் ஒண்ணு, நல்ல கூர்மையா. சின்ன ரம்பம் ஒண்ணு, அடித்தண்டை அறுக்க. போன்சாய்க்குனு விக்கற குழி வெட்டு கட்டர் எல்லாம் இப்ப வேணாம், ரெண்டாவது செடிக்கு பாத்துக்கலாம்.

கிளையை சுத்தி வளைக்க அலுமினிய கம்பி 1.5 மி.மீ., 2.5 மி.மீ. ரெண்டு சுருள். கட்டுமானத்துக்கு போடற கட்டுக்கம்பியை சுத்தாதீங்க, அது விறைப்பா இருக்கும், துருப்பிடிக்கும், பட்டையை கீறிடும்.

கனமான கையுறை. இதை சொன்னா எல்லாரும் சிரிக்கறாங்க, அப்புறம் முள்ளு விரல் நகத்துக்கு அடியில போனதும் போன் பண்றாங்க.

வெட்டின இடத்துல பூச ஏதாவது. வெட்டுக்காயத்துக்குனே விக்கற பேஸ்ட் கிடைச்சா நல்லது, இல்லன்னா மர வேலைக்கு போடற வெள்ளை பசை போதும். இந்த செடியோட கட்டை மெத்துனு நார் நாரா இருக்கும், பெரிய வெட்டை திறந்து விட்டா தண்ணி எறங்கி உள்ளுக்குள்ள அழுக ஆரம்பிச்சிடும், அது தெரியறப்ப பாதி தண்டு பொக்கையா போயிருக்கும்.

தொட்டி இப்ப வாங்காதீங்க. அழகான தட்டு தொட்டியை முதல்ல வாங்கிட்டா கை சும்மா இருக்காது, செடியை அதுல வெக்கற வரைக்கும் தூக்கம் வராது.

2. நர்சரில செடி எடுக்கறது

பூவை பாத்து வாங்காதீங்க. குனிஞ்சு அடித்தண்டை பாருங்க. மேல் மண்ணை ரெண்டு விரல்ல ஒதுக்கி பாத்தா தண்டு மண்ணுக்குள்ள போற எடம் தெரியும், அங்க நாலு பக்கமும் வேர் விரிஞ்சு கொஞ்சம் பருமனா இருந்தா அதுதான் உங்க செடி. மேல எப்படி இருந்தாலும் கவலை இல்ல, அதை எப்படியும் வெட்டத்தான் போறோம்.

அடித்தண்டு ஒரு இஞ்சுக்கு குறையாம இருக்கணும். ஏன்னா சின்ன தொட்டிக்குள்ள போனதுக்கு அப்புறம் தண்டு பருக்கறது ரொம்ப ரொம்ப மெதுவு. தண்டு பருமனை காசு குடுத்து வாங்கணும், கிளையை நாம வளத்துக்கலாம்.

ஒரே செடில மூணு கலர் பூ இருக்கும், பாத்த உடனே மனசு போகும், ஆனா அது பெரும்பாலும் ஒட்டுக்கட்டின செடி. ஒட்டு போட்ட எடம் முட்டி மாதிரி வீங்கி இருக்கும், நாம வெட்டப்போறது அதுக்கு கீழ வந்துடும், அப்புறம் வர்ற துளிர் எல்லாம் அடிச்செடியோட கலர்ல வரும். மேரி பால்மர்னு ஒரு ரகம் ஒட்டு இல்லாமலே வெள்ளையும் ரோஸும் ஒரே செடில பூக்கும், ரெண்டு கலர் வேணும்னா அதை கேளுங்க. மகரா மாதிரி அடுக்குப்பூ ரகம் வேணாம், காஞ்ச பூ கீழ கொட்டாம கிளையிலயே பழுப்பா தொங்கிட்டு இருக்கும், சின்ன மரத்துல அது அசிங்கமா தெரியும்.

3. மூணு வாரம் சும்மா விடுங்க

நர்சரில பல மாசம் ஒரே எடத்துல இருந்த செடி, கவரோட ஓட்டை வழியா தரைக்குள்ள வேர் விட்டிருக்கும். நமக்காக வெடுக்குனு தூக்கறப்ப அந்த வேர் அறுந்துடும். வீட்டுக்கு வந்த ஒரு வாரத்துல இலை கொட்டறதுக்கு காரணம் அதுதான், நம்ம வீட்டு ராசி இல்ல.

அந்த நேரத்துல போய் தலையை வெட்டினா, வேரும் இல்ல இலையும் இல்ல, செடி எதை வெச்சு பொழைக்கும்? வந்த கவரோடயே நல்ல வெயில்ல வெச்சு, மண்ணு காஞ்சதும் தண்ணி ஊத்துங்க. புது துளிர் தலைகாட்டினா வேர் புடிச்சிருக்குனு அர்த்தம், அடுத்த வேலைக்கு போலாம்.

4. தலையை வெட்டறது

இது மாசி மாச வேலை. குளிர் போய் வெயில் ஏறற நேரம், துளிர் வேகமா வரும்.

மேல் மண்ணை ஒதுக்கி வேர் விரிஞ்ச எடத்தை பாத்துட்டு, செடியை ஒரு ஸ்டூல் மேல கண் மட்டத்துக்கு வெச்சு மெதுவா சுத்துங்க. எந்த பக்கம் பாத்தா வேர் அகலமாவும் தண்டோட வளைவு நல்லாவும் தெரியுதோ அது முன்பக்கம். அந்த பக்கம் மண்ணுல ஒரு குச்சி சொருகிடுங்க. இதை பண்ணாம வெட்டினவங்க எல்லாம் கடைசில வெட்டுத்தழும்பு முன்னாடி தெரியற மாதிரி வெச்சுக்கிட்டு முழிச்சவங்க, அதுல நானும் ஒருத்தன்.

உயரம் எவ்வளவு? அடித்தண்டு பருமன் மாதிரி ஆறு மடங்கு மரத்தோட மொத்த உயரம்னு வெச்சுக்கோங்க. ஒன்றரை இஞ்சு தண்டுன்னா 9 இஞ்சு மரம். ஆனா வெட்டறது 9 இஞ்சுல இல்ல, அதுல மூணுல ஒரு பங்கு, அதாவது 3 இஞ்சுலேந்து 4 இஞ்சுக்குள்ள. மீதி உயரம் புதுசா வர்ற துளிர்லேந்து வரணும். அப்பதான் கீழ பருத்து மேல போக போக மெலிஞ்சு நெஜ மரம் மாதிரி இருக்கும், இல்லன்னா மூங்கில் கழில பூ ஒட்டின மாதிரி இருக்கும்.

நெனச்ச எடத்துக்கு ஒரு விரல் அகலம் மேல வெட்டுங்க. காகிதப்பூ வெட்டின எடத்துலேந்து கீழ நோக்கி கொஞ்சம் காஞ்சு எறங்கும், எவ்வளவு எறங்கும்னு முன்னாடியே சொல்ல முடியாது. அந்த ஒரு விரல் கட்டை அதுக்கான காப்பு. துளிர் நல்லா பருத்து கெட்டியானதுக்கு அப்புறம் காஞ்ச கட்டையை சரிவா அறுத்து மறுபடி பசை பூசிக்கலாம்.

வெட்டினதும் எல்லாரும் பயந்து போய் தினம் தண்ணி ஊத்துவாங்க. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்க பாவம் காலைல ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவைன்னு ஊத்தினாங்க, "மொட்டையா நிக்குதே தம்பி, பாக்கவே கஷ்டமா இருக்கு"ன்னு. இலை இல்லாத செடி தண்ணியை உறிஞ்சாது அக்கா, ஊத்தற தண்ணி அப்படியே நின்னு வேரை அழுக வெச்சிடும்னு சொல்றதுக்குள்ள பட்டை கழண்டு வந்துடுச்சு. விரலை ஒரு இஞ்சு மண்ணுக்குள்ள விட்டு பாருங்க, ஈரம் தட்டினா வேணாம்.

5. துளிர் வந்ததும்

ரெண்டு மூணு வாரத்துல தண்டு பூரா சின்ன சின்னதா செவப்பும் பச்சையுமா முளை வரும். சந்தோஷத்துல எல்லாத்தையும் விட்டுடாதீங்க. ஒரே எடத்துலேந்து நாலு கிளை வளந்தா அந்த எடம் குடம் மாதிரி வீங்கிடும், அந்த வீக்கத்தை அப்புறம் சரி பண்ணவே முடியாது.

துளிர் ஒரு விரல் நீளம் ஆனதும் கட்டை விரலால தேய்ச்சாலே உதிரும். வெட்டுக்கு பக்கத்துல இருக்கறதுல பலமான ஒண்ணு, அதுதான் புது தலை. அதுக்கு கீழ இடது ஒண்ணு, வலது ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, வேற வேற உயரத்துல. முன்பக்கம் நேரா நம்ம முகத்தை குத்தற மாதிரி வர்றதை எடுத்துடுங்க. சந்தேகமா இருந்தா ஒண்ணு ரெண்டு கூடுதலா விட்டு வைங்க, ஒண்ணு ஒடிஞ்சா மாத்து வேணும்ல.

விட்டு வெச்சதை உடனே கிள்ளாதீங்க. இதுதான் ரொம்ப பேருக்கு புரியாத விஷயம். போன்சாய்ன்னா சின்னதா வெச்சுக்கணும்னு தினம் நுனியை கிள்ளிட்டே இருந்தா கிளை பென்சில் லீடு மாதிரியே நிக்கும். கிளை பருக்கணும்னா நீளமா ஓடணும், ஒன்றரை அடி ரெண்டு அடி ஓடட்டும், பாக்க காடு மாதிரி இருக்கும், இருக்கட்டும். அடிப்பக்கம் தேவையான பருமன் வந்ததும் ரெண்டு இலை மட்டும் விட்டு வெட்டுங்க. கடைசி இலை எந்த பக்கம் பாத்துட்டு இருக்கோ அந்த பக்கம்தான் அடுத்த கிளை ஓடும், அதனால கீழயோ பக்கவாட்டுலயோ பாக்கற இலைக்கு மேல வெட்டணும். இப்படி ஓட விட்டு வெட்டி, ஓட விட்டு வெட்டிதான் கிளைக்குள்ள கிளை வரும். வெறும் கத்தரிக்கோலாலயே முக்கால்வாசி உருவத்தை கொண்டு வந்துடலாம்.

இந்த சமயத்துல சாப்பாடு நல்லா குடுக்கலாம். கடைல கிடைக்கற 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா உள்ளது) ஒரு லிட்டர் தண்ணிக்கு 1 கிராம், பத்து பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை.

6. கம்பி

கத்தரிக்கோலால திருப்ப முடியாத கிளைக்கு மட்டும் கம்பி. எப்ப சுத்தறதுன்றதுதான் இங்க கேள்வி, எப்படி சுத்தறதுன்றது யூடியூப்ல ஆயிரம் இருக்கு.

பச்சை துளிர்ல சுத்தினா அது தண்டுல ஒட்டியிருக்கற எடத்துலயே டப்புனு கழண்டு வந்துடும். நல்லா பழுப்பா கட்டையானதுக்கு அப்புறம் சுத்தினா வளையாது, முறியும். நடுவுல ஒரு பருவம் இருக்கு, நுனி பச்சையா இருக்கும், அடி மட்டும் லேசா பழுப்பு ஏற ஆரம்பிச்சிருக்கும், துளிர் வந்து சுமார் ஆறு வாரம் ஆகியிருக்கும், பங்குனி கடைசி சித்திரை முதல். அப்பதான் சுத்தணும்.

முதல்ல அந்த கிளையோட முள்ளு நுனியை எல்லாம் கிள்ளிடுங்க. கிளை பருமன்ல மூணுல ஒரு பங்கு கனம் உள்ள கம்பி. தண்டுல ஒண்ணரை சுத்து போட்டு புடிமானம் குடுத்துட்டு, கிளைக்கு 45 டிகிரி சாய்வுல, கிளையை தொட்டும் தொடாமலும் சுத்திட்டு போங்க. வளைக்கறப்ப ஒரு கட்டை விரல் கிளை தண்டுல சேர்ற எடத்தை அமுக்கி புடிச்சிருக்கணும், இன்னொரு கைதான் வளைக்கணும். முதல் நாள் பாதி வளைங்க, ஒரு வாரம் கழிச்சு மீதி.

வாரம் ஒரு தடவை பாருங்க. சித்திரைல செடி வளர்ற வேகத்துக்கு நாலஞ்சு வாரத்துல கம்பி பட்டைக்குள்ள எறங்கிடும், அந்த திருகு தழும்பு வருஷக்கணக்கா போகாது. எடுக்கறப்ப பிரிச்சு எடுக்காதீங்க, துண்டு துண்டா நறுக்கி எடுங்க. 30 ரூபா கம்பியை மிச்சம் பண்ண பாத்து ஒரு வருஷ கிளையை ஒடிச்சவங்க நெறைய பேர்.

அக்னி நட்சத்திரம் 20, 25 நாளும் கம்பி எறங்குதானு பாத்து எடுக்கறதை தவிர எந்த வேலையும் வேணாம். தண்ணி மட்டும்.

7. வேர், தட்டு தொட்டி

இதை ஆனி கடைசி ஆடி முதல்ல வெச்சுக்கோங்க. வெயில் கடுமை கொறைஞ்சிருக்கும், ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி புது வேர் வர மூணு மாசம் இருக்கும். அடைமழைல வேரை வெட்டினா காயம் ஆறறதுக்கு முன்னாடி அழுகிடும்.

நான் கொன்ன முதல் செடி கதையை இங்க சொல்லியாகணும். எங்கயோ குளிர் நாட்டு வீடியோ ஒண்ணுல பைன் மாதிரி ஏதோ ஒரு மரத்தோட வேரை ஹோஸ் வெச்சு சுத்தமா கழுவினாங்க. நானும் மாடில ஹோஸை திறந்து கழுவினேன். காகிதப்பூவோட சின்ன வேர் எல்லாம் ஊறின சேமியா மாதிரி, தண்ணி வேகத்துக்கே அறுந்து தரைல ஓடுது, எனக்கு அது மண்ணோட போற குப்பைனு நெனப்பு. கடைசில கைல நாலு தடி வேர் மட்டும். பன்னெண்டாவது நாள் தண்டு சுருங்கி கோடு விழுந்துடுச்சு.

அதனால, மண் உருண்டையை உடைக்காம பண்ணணும். முதல் நாள் சாயங்காலம் தண்ணி ஊத்தி வைங்க, லேசான ஈரம் இருந்தாதான் மண்ணு சேர்ந்து நிக்கும், காஞ்சிருந்தா பொலபொலனு உதிர்ந்து வேரையும் இழுத்துட்டு போகும். கவரை புடிச்சு இழுக்காம பிளேடால கிழிச்சு எடுங்க. உருண்டையோட அடில மூணுல ஒரு பங்கை ரம்பத்தால கேக் அறுக்கற மாதிரி ஒரே அறுப்பு. பக்கவாட்டுல ஒரு குச்சியால முக்கால் இஞ்சு மண்ணை மெதுவா கீறி விடுங்க. நடு உருண்டையை தொடாதீங்க, அதை ரெண்டு வருஷம் கழிச்சு பாத்துக்கலாம்.

ஒரு விஷயம், நர்சரி மண்ணு பெரும்பாலும் களியா இருக்கும், சுத்தி நாம போடறது பொலபொலனு இருக்கும், ஊத்தற தண்ணி ஓரமா ஓடிட்டு நடு உருண்டை காஞ்சே கெடக்கும். அதுக்கு மெல்லிசு கம்பியால உருண்டைல அங்கங்க குத்தி ஓட்டை போட்டு விடுங்க.

மண்ணு கலவை: செங்கல் ஜல்லி 2 பங்கு, செம்மண் 1, மண்புழு உரம் 1. ஜல்லின்னா பட்டாணிக்கும் மிளகுக்கும் நடுவுல உள்ள அளவு, தூளை சலிச்சு தூக்கி போட்டுடணும், தூள் அடில போய் சிமெண்ட் மாதிரி ஒக்காந்துக்கும். கலந்து முடிச்சு ஒரு சொம்பு தண்ணி ஊத்தி பாருங்க, மேல தேங்காம உடனே அடில வரணும்.

முதல் தொட்டிக்கு காசு போடாதீங்க. அகலமான மண் சட்டியை ராத்திரி பூரா தண்ணில ஊற வெச்சு, தண்ணி சொட்ட விட்டுட்டு, பேட்டரி டிரில்ல மெதுவா அடில மூணு ஓட்டை போட்டா போதும், ஊறின சட்டி சுலபத்துல விரிசல் விடாது. ஓட்டை மேல பிளாஸ்டிக் வலை. அந்த ஓட்டை வழியாவே ஒரு கம்பியை விட்டு மண் உருண்டையை தொட்டியோட சேத்து கட்டிடுங்க. ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னு சொல்ற ஊர்ல, செடி ஆடிட்டே இருந்தா புதுசா வர்ற வேர் நுனி அறுந்துட்டே இருக்கும்.

வேர் கொறைஞ்ச அளவுக்கு மேல இலையும் கொறைக்கணும், நீள கிளையை எல்லாம் வெட்டிடுங்க. ரெண்டு மூணு வாரம் நெழல்ல, காத்து படற எடத்துல. துளிர் வந்ததும் கொஞ்ச கொஞ்சமா வெயிலுக்கு. ஒரு மாசம் உரம் கெடையாது.

8. பூ

நாலுவழி சாலை நடுவுல இருக்கற காகிதப்பூவை பாத்திருப்பீங்க, எவனும் கவனிக்கறதில்ல, அனல்ல நிக்குது, பூவா கொட்டுது. வீட்டுல தினம் தண்ணி, உரம்னு தாங்கற செடி பச்சை பசேல்னு நிக்குது. காரணம் அதேதான்.

இதுல கலர் கலரா தெரியறது பூவே இல்ல, இலை மாதிரி ஒரு உறை. நடுவுல இருக்கற குட்டி வெள்ளைதான் பூ. இன்னொண்ணு தெரிஞ்சா ஆச்சரியப்படுவீங்க, இலை இடுக்குல வர்ற முள்ளும் பூங்கொத்தும் ஒரே உறுப்புதான், சூழ்நிலை தோதா இருந்தா அது பூவா வரும், இல்லன்னா முள்ளா நின்னுடும். முள்ளு நெறைய இருக்கற கிளையை பாத்தா எனக்கு விட்டுப்போன பூ கணக்கு மாதிரிதான் தெரியும்.

மழை முடிஞ்சு கார்த்திகை கடைசி மார்கழி முதல்ல எல்லா கிளையையும் ஒரே நாள்ல ரெண்டு மூணு இலைக்கு வெட்டி விடுங்க, பூ புது கிளைலதான் வரும். துளிர் வந்து அஞ்சாறு இலை ஆகற வரைக்கும் நல்லா தண்ணி. அதுக்கு அப்புறம் கைய கட்டிக்கணும். இலை லேசா தொங்கற வரைக்கும் தண்ணி வேணாம், தொங்கினதும் முழுசா ஊத்துங்க, மறுபடி தொங்கட்டும். இலை மொறுமொறுனு ஆகற வரைக்கும் விட்டுடாதீங்க, ஆழம் இல்லாத தொட்டி, ஒரே மத்தியானத்துல கதை முடிஞ்சிடும். 19:19:19 நிறுத்திட்டு பாஸ்பரஸும் பொட்டாஷும் கூடின 0:52:34 லிட்டருக்கு 1 கிராம் ரெண்டு தடவை போதும். தழைச்சத்து கூடினா இலைதான் வரும்.

தினம் அஞ்சு ஆறு மணி நேரம் நேர் வெயில் வேணும். பால்கனில ரெண்டு மணி நேர வெயில்தான் வருதுன்னா, உண்மைய சொல்லணும்னா, பூவை எதிர்பார்க்காதீங்க.

கலர் தெரிய ஆரம்பிச்சதும் பட்டினி போடறதை நிறுத்திடணும், அப்ப காயப்போட்டா மொத்தமா கொட்டிடும். எடத்தையும் மாத்தாதீங்க. சொந்தக்காரங்க வர்றாங்கன்னு ஹால்ல ரெண்டு நாள் வெச்சு, அவங்க கெளம்பறதுக்குள்ள மொட்டையா ஆன செடி எங்க வீட்டுலயே உண்டு. பூ முடிஞ்சதும் பூத்த கிளையை எல்லாம் ரெண்டு இலைக்கு வெட்டினா அடுத்த சுத்து ஆரம்பிக்கும்.

9. அடிக்கடி கேக்கற சில பிரச்சனை

இலை மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா இருக்கு: போர் தண்ணி உப்பா இருந்தா மண்ணுல இரும்புச்சத்து இருந்தும் செடியால எடுக்க முடியாது. வாரம் ஒரு தடவை கேன் தண்ணியோ புடிச்சு வெச்ச மழைத்தண்ணியோ நெறைய ஊத்தி தொட்டியை அலசி விடுங்க. அப்படியும் மாறலன்னா இலைல தெளிக்கற இரும்புச்சத்து கலவை கிடைக்கும். இலை முழுக்க மஞ்சளாகி கொட்டுதுன்னா அது வேற, தண்ணி அதிகம்.

கிளை இடுக்குல வெள்ளை பஞ்சு: மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் 5 மில்லி, ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவற சோப்பு, ஒரு லிட்டர் தண்ணி, வெயில் தாழ்ந்ததுக்கு அப்புறம் தெளிங்க. எறும்பு வரிசையா ஏறிட்டு இருந்தா அதையும் விரட்டணும், பூச்சியை ஒரு கிளைலேந்து இன்னொரு கிளைக்கு தூக்கிட்டு போறதே அதுதான்.

தண்டுல தட்டினா டொக்கு டொக்குனு சத்தம்: உள்ள அழுகியிருக்கு. மெத்துனு இருக்கறதை கத்தியால சொரண்டி, கெட்டி கட்டை தெரியற வரைக்கும் எடுத்துட்டு, வெயில்ல நல்லா காய விட்டு பசை பூசுங்க. பொந்து கொஞ்சம் பெருசா ஆயிடுச்சேனு வருத்தப்பட வேணாம், தண்ணி தேங்காம வெளிய வழிய கீழ்ப்பக்கமா ஒரு வழி மட்டும் வெட்டி விட்டுடுங்க, அந்த பொந்தோடயே மரம் இன்னும் வயசானது மாதிரி தெரியும்.